ஊதா வெளிறும் வேகம்

வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அவளுக்குச் சின்னவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காதோரம் நரைத்த பிறகும் அது உதிரவில்லை. வேலை பார்க்கும் லேப்பில் எல்லோரும் மேடம் என்பார்கள். அண்ணன் வீட்டுப் படியேறினால் சின்னவள்தான்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது சொந்தபந்தத்தில் யாருக்கும் பிடிபட்டதில்லை. லேப் என்றதும் ரத்தம் எடுப்பவள் என்று நினைத்துக்கொண்டு, கண்ட இடத்தில் நிறுத்திச் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்பார்கள். ரத்தம் இல்லை, இலை என்று சொன்னால், எந்த இலையை மென்றால் முட்டிவலி போகும் என்று அடுத்த கேள்வி வரும். தான் அளப்பது இலையில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சரக்கை, அது முட்டிக்குள் போய் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்று அவள் விளக்கத் தொடங்குவாள். அதற்குள் கேட்டவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார்.

லேப் ஒரு டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு வரை ரப்பர் வாடை, கதவைத் திறந்தால் மெத்தனால் வாடை. மூலிகைப் பொடி, மசாலா இலை, டீத்தூள் விற்கிறவர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து கொடுத்து அளந்து வாங்கிப் போவார்கள். வேலை கேட்பதற்குச் சுலபம். காய்ந்த இலையைப் பொடித்துச் சலித்து, எடை போட்டு, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த குடுவையில் ஊற வைக்க வேண்டும். குலுக்கும் மேடையில் குடுவையைக் குலுக்கி வடிகட்டினால் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சாறு இறங்கும். அதில் துளி எடுத்து, ஊதா நிறக் கரைசல் ஒன்றில் விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சாற்றில் சரக்கு இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும்.

செய்து பார்த்தால்தான் தெரியும் அது படுத்தும் பாடு. வெளிச்சம் பட்டாலே ஊதா கெட்டுவிடும் என்பதால் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். காற்றாட வேண்டும் என்று யாராவது ஒரு மூலையைக் கிழித்து வைப்பார்கள். கருவியின் விளக்கு அந்திமத்தில் இருந்தது. மெத்தனால் மூடியைத் திறந்த நேரத்தில் பாதி ஆவியாகிவிடும். ஒரே பொடியை மூன்று முறை அளந்தால் மூன்று எண்ணும் மூன்று திசையைப் பார்த்து நிற்கும். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு குடுவைகளைக் கழுவி முதலிலிருந்து தொடங்குவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், முகத்தைப் பார்த்தே அவள் கணவர் ஒன்றும் கேட்காமல் டீ போடப் போய்விடுவார்.

அவள் இந்த வேலைக்கென்று கிளம்பியவள் இல்லை. ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் அப்போது நாற்காலி வாடகைக்கு விடும் தொழிலில் மும்முரமாக இருந்தார். ஆகவே படிப்பை விட்டது அவள். அம்மா போன பிறகு திரும்பச் சேரலாம் என்றுதான் இருந்தாள். சேரவில்லை. நாற்காலித் தொழிலும் நிலைக்கவில்லை என்பது அவளுக்கு இன்றும் எரிச்சலான விஷயம். நிலைத்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

நாற்காலிக்குப் பிறகு தண்ணீர் கேன், அதற்குப் பிறகு செல்போன் உறை என்று போன அண்ணன், கடைசியில் வந்து நின்றது மூலிகை டீயில். வீட்டுக்குப் பின்னால் அண்ணி புதினாவும் துளசியும் ரோஸ்மேரியும் போட்டிருந்தார். அவற்றைப் பறித்து, காய வைத்து, கலந்து, அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதும் அண்ணன் அதைப் பெட்டியில் போட்டார். கை அண்ணியுடையது, வாய் அண்ணனுடையது என்று தொழில் ஓடியது. பரவாயில்லாமல் ஓடியது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு பெரிய கடையில் சரக்கு வாங்கும் அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு போடவில்லையே என்று கேட்டார். அவருடைய அலமாரியில் இன்னொரு கம்பெனியின் டீப் பெட்டி இருந்தது. அதன் முகப்பில் கொட்டை எழுத்தில் ஓர் எண். உங்களுடையதையும் போட்டுக்கொண்டு வாருங்கள், வைக்கிறேன் என்றார். அண்ணன் நேராக லேப்புக்கு ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டார்.

முதல் அளவு குறைவாக வந்தது. சின்னவள் மறுபடியும் அளந்தாள். அப்போதும் குறைவு. பொடியைப் பரப்பிப் பார்த்தபோது காரணம் புரிந்தது, பாதி காம்பு. அதோடு, இலையைத் தகரக் கூரைக்குக் கீழே காய வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் பாதிச் சரக்கு செத்துவிடும். போனில் சொன்னபோது, சொந்த அண்ணனுக்கே இப்படிக் கை இறுக்கமா என்று அண்ணன் சிரித்தார். எண்ணை அவளாக அள்ளிப் போடுகிறாள் என்பது போல.

சொன்னதைக் காதில் வாங்கியது அண்ணிதான். காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார். துணிமணி வைத்திருந்த அறையைக் காலி செய்து, வலை கட்டி, நிழலில் இலையைப் பரப்பினார். இரண்டாவது பொட்டலம் வந்தபோது உறையைப் பிரித்ததுமே வாசனை வித்தியாசமாக இருந்தது. எண்ணும் நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் அந்தக் கொட்டை எழுத்து எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

அந்த எண் வேறு முறையில் அளந்தது, வேறு அலகில் சொன்னது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று சின்னவள் சொன்னாள். ஒருவன் உயரத்தையும் இன்னொருவன் எடையையும் வைத்து யார் பெரியவன் என்று கேட்பது மாதிரி என்றாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைக்கு வர்றவன் இதெல்லாமா யோசிப்பான்? எது பெருசோ அதை எடுத்துக் கூடையில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான்" என்றார். அது உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த வாரம் அண்ணனே லேப்புக்கு வந்தார். அவள் அங்கே சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவர் அந்தப் படியேறியதில்லை. எப்படி அளக்கிறாய், காட்டு என்றார். அவளுக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு உற்சாகமாகிவிட்டாள். வடிகட்டுவதைக் காட்டினாள். ஊதாவைக் காட்டினாள். அதில் சாற்றை விட்டு, மெல்ல மெல்ல வெளிறுவதைக் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது போலக் காட்டினாள். அண்ணன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு புட்டி இருப்பதைச் சுட்டி, இது என்ன என்றார். வைட்டமின் சி, அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம், அது ஊதாவை நொடியில் தின்றுவிடும் என்றாள். "அப்போ இதுதான் ஃபர்ஸ்ட் ரேங்க்கா?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்று அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய், அண்ணன் என் வேலையைப் பார்க்க வந்தார் என்று கணவரிடம் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது.

மூன்றாவது பொட்டலம் வந்தது. சாறு எடுத்து, ஊதாவில் விட்டாள். துளி விடும் பிப்பெட்டைத் திரும்ப அதன் தாங்கியில் வைப்பதற்குள் ஊதா காணாமல் போய், மஞ்சள் நின்றது.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். சாறு அதிகமாகிவிட்டதோ என்று பாதியாக நீர்க்கச் செய்து விட்டாள். அதே வேகம். இலைச் சாறு அப்படிச் செய்யாது. கொஞ்சம் சட்டென்று குறையும், பிறகு தயங்கித் தயங்கி வெளிறும். அதற்காகத்தான் அரை மணி நேரக் காத்திருப்பே. ஒரே மூச்சில் விழுங்குகிற இந்தப் பழக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பொடியைக் கறுப்புக் காகிதத்தில் பரப்பி லென்ஸை வைத்தாள். பச்சைத் துகளுக்கு நடுவே வெள்ளையாகப் பொடிப் பொடியாக மின்னியது. சாற்றை, அதில் என்னென்ன இருக்கிறது என்று திரையில் கோடுகளாகக் காட்டும் பெரிய கருவியில் ஏற்றினாள். வைட்டமின் சி வர வேண்டிய இடத்தில் ஊசி போல ஒரு கோடு திரையின் உச்சி வரை போய் முட்டியது.

நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கலப்படம் அவளுக்குப் புதிதில்லை. வாரத்துக்கு ஒன்று வரும். ஆனால் இதை அவளே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ரிப்போர்ட்டில் வைட்டமின் சி அளவையும் சேர்த்துப் போடலாமா என்று லேப் முதலாளியிடம் கேட்டாள். முதலாளி கெட்டவர் இல்லை, கடை நடத்துகிறவர். கேட்காத சோதனையை நாமாகப் போட்டால் நாளைக்கு ஒருவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்றார். "இங்க பாருங்கம்மா, கொடுத்ததை அளந்தோம். அளந்ததைச் சொல்றோம். எண் பொய்யா?" என்று கேட்டார். எண் பொய் இல்லை. பெட்டிதான் பொய் என்றாள். பெட்டி நம் லேப்பில் அச்சாகவில்லையே என்றார் முதலாளி. கடைசியில், அவர் உங்கள் அண்ணன்தானே, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், அதுவரை ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிறேன் என்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் அண்ணன் நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவரும் மறைக்கவில்லை.

"வைட்டமின் தானே போட்டேன், விஷமா போட்டேன்? குடிக்கிறவனுக்கு நல்லதுதானே?"

"பெட்டியில இலை மட்டும்னு போட்டிருக்கு அண்ணா."

"இலைதான் நெறைய இருக்கு."

"அந்த எண் இலையோடது இல்லை."

"உனக்கு எண் வரணும், கடைக்காரனுக்கு எண் வரணும். இப்போ வந்திருக்கு. அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் என்னதான் பண்றது?"

அவர் குரலில் கள்ளத்தனம் இல்லை, சலிப்புதான் இருந்தது. ஒரு பரீட்சை, அதற்கு ஒரு குறுக்குவழி, அதைக் கண்டுபிடித்ததற்குத் தட்டிக்கொடுக்காமல் திட்டுகிறாளே என்ற சலிப்பு. பெட்டியில், வைட்டமின் சி சேர்த்தது என்று ஒரு வரி போட்டுவிடு, ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் சின்னவள். இயற்கை என்று சொல்லி விற்கிற சரக்கில் அந்த வரியைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்றார் அண்ணன்.

அண்ணி எப்போது வந்து வாசலில் நின்றார் என்று இருவருக்கும் தெரியாது. கையில் இலை பரப்பிய வலைத் தட்டு இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இலை கலக்குற பேசின் அடியில வெள்ளையா ஒட்டியிருந்துச்சு" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். "செவுத்துச் சுண்ணாம்பு உதிருதுன்னு நெனச்சு, நான் தினமும் துடைச்சுக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் நாடாவின் முனையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். அண்ணி சின்னவளை மட்டும் தோட்டத்துக்கு அழைத்துப் போய், அது இல்லாமல் இந்தத் தடவை தன் இலைக்கு என்ன வரும் என்று கேட்டார். வைட்டமின் எவ்வளவு என்று சொல்லலாம், ஆனால் கலந்த பிறகு ஊதாவில் அது தின்றது போக இலை தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் சின்னவள். அண்ணி தலையை ஆட்டினார். அந்த ஒரு பதிலைச் சொல்ல முடியாமல் போனதுதான் சின்னவளை வீடு திரும்பும் வழி முழுக்க அரித்தது. அண்ணியின் ஒரு மாத உழைப்பு அந்தப் பொடிக்குள் எங்கேயோ இருந்தது. அதை அளக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளாலும் முடியவில்லை.

சின்னவள் கையெழுத்துப் போட மறுத்தாள். முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் அதே பொட்டலத்தை ஊரின் இன்னொரு மூலையில் இருந்த லேப்பில் கொடுத்து, அவர் கேட்ட எண்ணை வாங்கிக்கொண்டார். அங்கே யாரும் ஊதா வெளிறுவதை நின்று பார்க்கவில்லை. அரை மணி கழித்து வந்து எண்ணை மட்டும் படித்திருப்பார்கள். அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது, விதிமுறையே அப்படித்தான்.

பெட்டிகள் பெரிய கடைக்குப் போயின. சின்னவள் சோப்பு வாங்கப் போனபோது பார்த்தாள். அலமாரியில் கண் உயரத்தில், பழைய போட்டியாளரின் எண்ணைவிடப் பெரிய எண்ணோடு வரிசையாக நின்றன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எண் தெரியாதபடி திருப்பி வைத்தாள். இரண்டடி நடந்தவளுக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பிப் போய் அதைப் பழையபடி நேராக வைத்தாள். சோப்பு வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அண்ணன் போன் செய்வதை நிறுத்தியிருந்தார். உறவுக்காரர்களிடம், தங்கை படித்தவள், நம் முன்னேற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அவள் யாரிடமும் விளக்கப் போகவில்லை. விளக்க வேண்டுமென்றால் ஊதாவிலிருந்து தொடங்க வேண்டும்.

மழை பிடித்தது. காற்றின் ஈரம் பெட்டிக்குள் நுழைந்ததும் அந்த வெள்ளைப் பொடி தன் வேலையைக் காட்டியது. டீ கட்டி கட்டியாக இறுகி, பழுப்பேறி, ஒரு மாதிரி புளித்தது. வாங்கியவர்கள் கடையில் கொண்டுவந்து வீசினார்கள். கடை மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டு, இனி வேண்டாம் என்று எழுதிவிட்டது.

அண்ணன் மறுபடி லேப் படியேறினார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு அவளை வெளியே அழைத்தார். முகம் வாடியிருந்தது. அவளுக்கு மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே அண்ணா."

"தப்புன்னு சொன்ன. கட்டியாயிடும்னு சொல்லலையே. அதைச் சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அது ஓயும் வரை அண்ணன் நின்றார். உடம்பைப் பார்த்துக்கொள், இளைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் உள்ளே வந்து, ஏற்கெனவே கழுவியிருந்த குடுவைகளை மறுபடி கழுவினாள். ஒன்று கை நழுவித் தொட்டியில் உடைந்தது.

அண்ணன் இப்போது சூரிய விளக்கு விற்கிறார். டீயை அண்ணி விடவில்லை. எண் எதுவும் போடாத வெற்று உறையில், நான்கைந்து சின்னக் கடைகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். தன் இலைக்கு மட்டும் என்ன வரும் என்று அன்று தோட்டத்தில் கேட்ட கேள்வி அவருக்கு மிஞ்சியிருந்தது. அதற்காக ஒரு நாள் காலையில் கைப்பைக்குள் ஒரு பொட்டலத்தோடு வந்து, மற்ற வாடிக்கையாளர்கள் மாதிரியே வரவேற்பில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னவள் எப்போதோ சொன்னபடி, பூ விடுவதற்கு முன்பே பறித்த இலை.

இந்த ஒரு சாம்பிளாவது ஒழுங்காக வர வேண்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததாலோ என்னவோ, இரண்டு அளவு ஒரு பக்கமும் ஒன்று வேறு பக்கமுமாக நின்றன. மறுபடி அளக்கலாம் என்றால் ஊதாக் கரைசல் தீர்ந்திருந்தது. வெளியே வந்து, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றாள்.

"ஏறியிருக்கா, இறங்கியிருக்கா? அதை மட்டும் சொல்லு" என்றார் அண்ணி.

"இன்னும் ஒத்து வரலை அண்ணி. தப்பாச் சொல்லிடக் கூடாது."

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்." அண்ணியின் குரலில் முதல் தடவையாக எரிச்சல் தெரிந்தது. "இலையைக் காய வெக்கிறதைவிட நீங்க அளக்கறதுதான் பெரும்பாடா இருக்கு. சரி போ, பண்ணு. நான் உக்காந்திருக்கேன்."

அன்றைக்கு முடியாது என்று எவ்வளவு சொன்னாலும் அண்ணி எழுந்திருக்கவில்லை. சின்னவள் உள்ளே போனாள். கறுப்புக் காகிதத்தின் கிழிந்த மூலையை நாடாவால் ஒட்டினாள். புதிதாகக் கரைசல் தயாரிக்க ஊதாப் பொடியை எடை போட்டபோது மின்விசிறிக் காற்றில் தராசின் எண்கள் நிற்காமல் ஆடின. விசிறியை நிறுத்தினாள். வேர்த்தது. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, புதுக் கரைசலில் மூன்று அளவுகளையும் முதலிலிருந்து செய்தாள். மாலை நெருங்கும்போது மூன்றும் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வைட்டமின் கலக்காத அந்த இரண்டாவது பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். அந்த வித்தியாசம் பூ விடும் முன் பறித்ததால் வந்ததா, புதுக் கரைசலால் வந்ததா என்று அவளால் அடித்துச் சொல்ல முடியாது.

அதை அப்படியே அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து கால் மரத்துப்போனதைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ அடுத்த தடவை பூ விடுறதுக்கு முன்னாடி கொஞ்சம், அப்புறம் கொஞ்சம்னு தனித்தனியாக் கொண்டுவரேன். ரெண்டையும் ஒரே நாள்ல அளந்துடு" என்றார்.

முறைப்படி செய்ய வேண்டியதும் அதுதான். அப்படிச் செய்தால் வேலை இரண்டு மடங்கு. கருவியின் விளக்கு அதுவரை தாங்குமா என்றும் தெரியாது. சின்னவள் சரி என்றாள். கைப்பையை எடுத்துக்கொடுத்து, அண்ணியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.